பரணில் தூங்கும் லேப்டாப்புக்கு எந்த ஓஎஸ் போடலாம்? முதல் திருகிலிருந்து முழு வழிகாட்டி

போன கோடையில் நீடாமங்கலத்தில் பெரியக்கா வீட்டுப் பரணை ஒழித்தோம். பித்தளை அண்டாவுக்கும் கொலுப் பெட்டிக்கும் நடுவே ஒரு கறுப்புப் பை கிடந்தது. பெரியக்கா மகள் 2012-ல் பிளஸ் டூ படித்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அவள் கல்யாணமாகித் திருப்பூர் போய்ப் பல வருஷம் ஆகிறது. சின்னக்கா மகன் பாலிடெக்னிக்கில் சேர இருந்தான். பையைத் தட்டித் தூசி பறக்கவிட்டபடியே கேட்டான்: "மாமா, இதுல விண்டோஸ் 11 போட்டுத் தருவீங்களா?"

போட முடியாது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். 4 ஜிபி ரேம் வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அதில் இருந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. கடைத்தெருவில் கொடுத்தால் கிராக் போட்ட விண்டோஸ் 10-ஐ ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருவார்கள்தான். ஆனால் 2 ஜிபி ரேமில் அது சேற்றில் இறங்கிய டிராக்டர் மாதிரி நின்ற இடத்திலேயே உறுமும். அந்தக் கிராக்கோடு வேறு என்னென்ன உள்ளே வந்தது என்பதும் யாருக்கும் தெரியாது.

மிச்சம் இருக்கும் நேர்வழி லினக்ஸ். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இன்னொரு ஓஎஸ், அதாவது இயங்குதளம். இங்கே தமிழுக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல், காசில்லாதது, கட்டுப்பாடில்லாதது என்று இரண்டையும் குறித்துக் குழப்பும். நாம் 'விலையில்லா' என்றும் 'கட்டற்ற' என்றும் பிரித்தே சொல்கிறோம். விலையில்லா மடிக்கணினிக்குள் கட்டற்ற மென்பொருள் போவது ஒன்றும் புதிதும் அல்ல. அந்தத் திட்டத்தின் தொடக்க கால லேப்டாப்புகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நம் பிள்ளைகள் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

யாருக்கு இது ஒத்துவராது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேலியில் கணக்கு எழுதும் அரிசி மண்டிக்காரர், பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகக்காரர், விரல் ரேகைக் கருவி வைத்துச் சேவை மையம் நடத்துபவர் ஆகிய மூவரும் தொழில் செய்யும் கணினியை லினக்ஸுக்கு மாற்ற வேண்டாம். ஒயின் என்ற மென்பொருள் மூலம் சில விண்டோஸ் செயலிகளை ஓட்டலாம். ஆனால் வருமானம் வரும் இடத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

பட்டா சிட்டா எடுப்பது, ஜிஎஸ்டி தளத்துக்குள் போய்ப் பார்ப்பது, கல்லூரிப் பாடம், சி, பைத்தான் பழகுவது, கடிதம் அடிப்பது, யூடியூப் பார்ப்பது போன்றவற்றுக்கெல்லாம் பிரவுசரும் லிப்ரே ஆபிஸும் போதும். அப்படிப்பட்டவர்கள் மேலே படியுங்கள்.

ஓஎஸ்ஸுக்கு முன் ஸ்க்ரூ டிரைவர்

எல்லாரும் நேராக 'எந்த லினக்ஸ் நல்லது' என்று தேடப் போகிறார்கள். நான் அடிமூடியைக் கழற்றச் சொல்வேன். மின்சாரத்தைப் பிடுங்கி, பேட்டரியையும் எடுத்துவிட்டுத்தான்.

அக்கா வீட்டு லேப்டாப்பின் ஃபேன் மூடியைத் திறந்தபோது செம்பு இதழ்களின் வாயில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று அடைத்திருந்தது. குண்டூசியால் நெம்பினேன். ஒரே பட்டையாகக் கழன்று வந்தது. தூசி, நூல், அதோடு நெல் சுணை. பரணில் போடும் முன் மூன்று நான்கு வருஷம் அது இருந்தது களத்தை ஒட்டிய அறையில். தை மாசம் சம்பா அறுப்பில் கதிரடிக்கும்போது பறக்கும் சுணை சட்டைக்குள் போனால் நமக்கே தாங்காது. ஃபேனுக்கு என்ன ஆகும்? காற்று போக வழியில்லாவிட்டால் பிராசஸர் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதன் பிறகு எந்த ஓஎஸ் போட்டாலும் மெதுவாகத்தான் இருக்கும். சுத்தம் செய்துவிட்டுப் பிராசஸர் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவுங்கள். கைப்பழக்கம் இல்லை என்றால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் கடையில் கொடுக்கலாம்.

திறந்தது திறந்தாகிவிட்டது, ரேம் வில்லையின் ஸ்டிக்கரைப் படியுங்கள். 2 ஜிபியா, 4 ஜிபியா, டிடிஆர்3-ஆ, டிடிஆர்3எல்-ஆ? இந்த 'எல்' முக்கியம். டிடிஆர்3 1.5 வோல்ட்டில் ஓடும், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் ஓடும். 2013-க்குப் பிந்தைய இன்டெல் லேப்டாப்புகள் பல 'எல்' வகையை மட்டுமே ஏற்கும். எல் வில்லை பெரும்பாலும் பழைய இடத்திலும் ஓடிவிடும். அதனால் சந்தேகம் வந்தால் எல் வாங்குங்கள். ஒரு பள்ளம் காலியாக இருந்தால் இன்னொரு வில்லை செருகலாம். பழைய வில்லை கடைகளில் கிடைக்கும்.

கையில் கொஞ்சம் பணம் இருந்து, ஒன்றுக்குத்தான் செலவழிக்க முடியும் என்றால்? ரேம் 2 ஜிபி என்றால் ரேமுக்கு, 4 ஜிபி என்றால் எஸ்எஸ்டிக்கு, அதாவது சுற்றும் பாகம் இல்லாத வேகமான டிஸ்குக்கு. சுற்றும் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு அதே 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியைப் பொருத்தினால் கிடைக்கும் வித்தியாசம் வேறு எதிலும் கிடைக்காது.

பழைய லேப்டாப்பில் எல்லாரும் மறந்துபோகும் ஒரு சமாச்சாரம் இருக்கிறது, பயாஸ் பேட்டரி. பயாஸ் என்பது ஓஎஸ் வருவதற்கு முன் கணினியை எழுப்பும் உள்மென்பொருள். உள்ளே காசு மாதிரி ஒரு செல் இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032. வருஷக்கணக்கில் பரணில் கிடந்தால் அது செத்திருக்கும். ஒவ்வொரு முறை அணைத்து எழுப்பும்போதும் தேதி பத்துப் பதினைந்து வருஷம் பின்னால் போய்விடும். அப்புறம் பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று மிரட்டும். சான்றிதழின் தேதியும் கணினியின் தேதியும் ஒத்துப்போகாததுதான் காரணம். இதைத் தெரியாமல் லினக்ஸைத் திட்டியவர்கள் உண்டு.

32-ஆ, 64-ஆ

பிராசஸரில் 32-பிட், 64-பிட் என்று இரண்டு வகை உண்டு. எது என்று பார்த்துத்தான் லினக்ஸை எடுக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் தவறாக முடிவெடுக்கிறார்கள். விண்டோஸ் 7-ல் கம்ப்யூட்டர் படத்தின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் '32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம்' என்று காட்டும். 'என்னுடையது 32-பிட் லேப்டாப்' என்று நினைத்துவிடுவார்கள். அது ஓஎஸ்ஸின் கணக்கு; பிராசஸரின் கணக்கு அல்ல. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32-பிட்டில் மட்டும்தான் வந்தது. அடியில் இருப்பது 64-பிட் பிராசஸராக இருந்தாலும் அப்படித்தான் காட்டும். கன்ட்ரோல் பேனலில் பெர்ஃபார்மன்ஸ் இன்ஃபர்மேஷன் பகுதிக்குப் போய் விரிவான விவரத்தைத் திறந்தால் '64-பிட் கேப்பபிள்' என்ற வரிக்கு நேரே ஆம், இல்லை என்று இருக்கும். அதை நம்புங்கள். விண்டோஸ் 10 என்றால் சிஸ்டம் டைப் வரியிலேயே 'எக்ஸ்64 பிராசஸர்' என்று சேர்ந்து வரும்.

உண்மையான 32-பிட் என்றால் 2008, 2009 வாக்கில் வந்த குட்டி நெட்புக்குகள்தான் அதிகம். ஆட்டம் என்270 பிராசஸர் போட்டவை. அவற்றுக்கு வழி குறுகிவிட்டது. லினக்ஸ் வகைகளில் மின்ட்டும் உபுண்டு குடும்பமும் 32-பிட்டைக் கைவிட்டுவிட்டன. டெபியனும் 2025 ஆகஸ்ட்டில் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து 32-பிட்டுக்கு இன்ஸ்டாலர் தருவதில்லை. டெபியன் 12, அதன் மேல் கட்டிய ஆன்டிஎக்ஸ் 23 இரண்டும் இன்னும் உதவும்.

சரி, எதைப் போடுவது?

கறாராகச் சொன்னால் லினக்ஸ் என்பது ஓஎஸ்ஸின் கரு (கெர்னல்) மட்டும்தான். 1991-ல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. அதே நெல்லில் இட்லி, ஆப்பம், புட்டு என்று சமைப்பதுபோல் அந்தக் கருவைச் சுற்றி வேறு வேறு பொருள்களைச் சேர்த்து ஆளுக்கொரு பேரில் தருகிறார்கள். டிஸ்ட்ரோ என்பார்கள். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வேகத்தைத் தீர்மானிப்பது பேர் அல்ல. கண்ணுக்குத் தெரியும் டெஸ்க்டாப் எவ்வளவு ரேம் தின்கிறது என்பதுதான்.

4 ஜிபியும் அதற்கு மேலும் என்றால் லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. யோசிக்கவே வேண்டாம். கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். விண்டோஸ் பழகிய கை தடுமாறாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். சின்னமன் பதிப்பு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பழைய கிராஃபிக்ஸில் திணறும். அழகைப் பார்த்து மயங்காதீர்கள்.

2 ஜிபியில் மின்ட் ஓடும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஓடும். பிரவுசரில் நாலாவது டேப்பைத் திறந்ததும் மூச்சு வாங்கும். அதனால் 2 ஜிபிக்கு நான் லுபுண்டு சொல்வேன். அதன் எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப் இன்னும் இலகு. ஒரு குறை, 24.04 பதிப்புக்கு 2027 ஏப்ரல் வரைதான் ஆதரவு. அதற்குப் பிறகு அடுத்த பதிப்புக்கு ஏற வேண்டும்.

1 ஜிபி என்றால் ஆன்டிஎக்ஸ். கிரேக்க நாட்டில் தொடங்கிய டிஸ்ட்ரோ. எழுந்து நிற்கச் சுமார் கால் ஜிபி ரேம் போதும். தோற்றம் கொஞ்சம் கரடுமுரடு, அமைப்புகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். ஆனால் எந்த ஓஎஸ்ஸாலும் இன்றைய இணையதளங்களின் எடையைக் குறைக்க முடியாது. 1 ஜிபி மெஷினை எழுதவும் பாட்டுக் கேட்கவும் வைத்துக்கொள்ளுங்கள். பத்து டேப் திறக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

பப்பி லினக்ஸ் முழுக்க ரேமில் ஏறி ஓடும், ஹார்டு டிஸ்க் செத்த லேப்டாப்புக்கு நல்லது. கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் 2022-ல் வந்தது. 4 ஜிபி கேட்கும், டிஸ்க் முழுவதையும் எடுத்துக்கொள்ளும், பக்கத்தில் விண்டோஸை வைத்துக்கொள்ள விடாது. பிரவுசர் மட்டும் போதும் என்கிற பெரியவர்களுக்கு அது சரி. ஃப்ரீபிஎஸ்டி, ஹைக்கூ போன்ற வேறு ஓஎஸ்கள் எல்லாம் பொழுதுபோக்குக்காரர்களுக்கு.

அக்கா வீட்டு லேப்டாப் 64-பிட், 2 ஜிபி. இன்னொரு 2 ஜிபி வில்லையைக் கும்பகோணத்தில் வாங்கிச் செருகினேன். அதனால் மின்ட்.

இறக்குவதும் பென்டிரைவில் ஏற்றுவதும்

மின்ட் முழுவதும் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாகக் கிடைக்கும், 3 ஜிபிக்கு அருகே வரும். தினம் 2 ஜிபி தரும் போன் பேக்கில் ஒரே நாளில் இறங்காது. பாதியில் நின்றால் கோப்பு கெடும். டாரன்ட் வழியாக இறக்கினால் நின்ற இடத்திலிருந்து தொடரும், கோப்பு சரியா என்று தானே சோதித்தும் கொள்ளும். ஃபைபர் இணைப்பு உள்ள பக்கத்து வீட்டைக் கேட்பது அதைவிடச் சுலபம். அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

அதைப் பென்டிரைவில் ஏற்ற, ஒரே ஐஎஸ்ஓ போதும் என்றால் ரூஃபஸ் மென்பொருள். அதன் 4-ஆம் பதிப்பு விண்டோஸ் 7-ல் ஓடாது. வீட்டில் வேறு கணினி இல்லாவிட்டால் 3.22 பதிப்பைத் தேடி எடுங்கள். ஆனால் எனக்குப் பிடித்தது வென்டாய். 16 ஜிபி பென்டிரைவில் ஒருமுறை அதைப் போட்டுவிட்டால், மின்ட், லுபுண்டு, ஆன்டிஎக்ஸ் மூன்று கோப்புகளையும் சும்மா காப்பி செய்து போடலாம். எழுப்பும்போது எது வேண்டும் என்று கேட்கும். துணிக்கடையில் மூன்று புடவையைத் தோளில் போட்டுப் பார்ப்பது மாதிரி, மூன்றையும் பார்த்துவிட்டு எடுக்கலாம். எதைக் கொண்டு செய்தாலும் பென்டிரைவில் முன்பு இருந்தது அழியும்.

நிறுவும் முன் ஓட்டிப் பாருங்கள்

பென்டிரைவைச் செருகி, பவரைத் தட்டியதும் பூட் மெனு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள். லெனோவோ, டெல், டோஷிபா எனில் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பி எஃப்9. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் இயக்க வேண்டியிருக்கும். ஆசஸ் என்றால் எஸ்கேப். விண்டோஸ் 8 காலத்துக்குப் பிந்தைய லேப்டாப் பென்டிரைவை ஏற்க மறுத்தால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

திரையில் வருவது லைவ் முறை. டிஸ்கில் இன்னும் ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை. அரை மணி நேரம் ஒதுக்கி வைஃபை பிடிக்கிறதா, யூடியூப் சத்தத்தோடு ஓடுகிறதா, வெளிச்சம் கூட்டும் பொத்தான் வேலை செய்கிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, கேமரா வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வைஃபை வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பிராட்காம் சிப்புகள் சிலவற்றுக்குத் தனி டிரைவர் வேண்டும், அது லைவ் முறையில் தானாக ஏறாது. போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். உடனே நெட் வரும். நிறுவிய பிறகு மின்ட்டின் டிரைவர் மேனேஜர் அந்த டிரைவரைத் தேடிப் போட்டுத் தரும்.

லைவ் முறைக்கு இன்னொரு பயன் உண்டு. விண்டோஸ் எழாமல் கிடந்தாலும் டிஸ்கில் உள்ள கோப்புகள் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கூரை ஓடு பறந்து பெட்டியில் தண்ணீர் இறங்கியது. அதற்குப் பிறகு அத்தான் நிலப் பத்திரங்களை எல்லாம் ஸ்கேன் செய்து இதில்தான் போட்டிருந்தார் என்று லைவ் முறையில் திறந்த அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. 'நியூ ஃபோல்டர் 3' என்ற பெயரில் இருந்தது.

எல்லாவற்றையும் வெளி டிஸ்குக்கு எடுத்து வையுங்கள். இதில் நான் பட்ட சூடு உண்டு. சில வருஷங்களுக்கு முன் மச்சான் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டபோது 'சி டிரைவ்தானே அழியும், படமெல்லாம் டி-யில இருக்கே' என்று நினைத்து 'எரேஸ் டிஸ்க்' பொத்தானை அழுத்தினேன். சி-யும் டி-யும் ஒரே வயலில் போட்ட வரப்பின் இரண்டு பக்கம்தான். டிஸ்கை அழி என்றால் வரப்போடு சேர்த்து உழுதுவிடும். குழந்தையின் காதுகுத்துப் படங்கள் போயின. தங்கச்சி இன்னும் பொங்கலுக்குப் பொங்கல் சொல்லிக் காட்டுவாள்.

நிறுவுதல்

இது சுருக்கமான வேலை. டெஸ்க்டாப்பில் உள்ள இன்ஸ்டால் படத்தை இரண்டு தட்டு தட்டுங்கள். மொழி, விசைப்பலகை, அப்புறம் 'மல்டிமீடியா கோடெக்ஸ்' பெட்டியை டிக் செய்யுங்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்ள 'அலாங்சைட்' என்ற வழி இருக்கிறது. ஆதரவு போன விண்டோஸ் 7-க்காக இடம் ஒதுக்குவது எனக்கு வீணாகப் படுகிறது. நேர மண்டலத்துக்குக் கொல்கத்தா என்று வரும், அது சரிதான். பாஸ்வேர்டை எழுதி வையுங்கள். சாதாரண டிஸ்கில் அரை மணி முதல் ஒரு மணி வரை ஆகும்.

பழைய பேட்டரி பத்து நிமிஷம்கூடத் தாங்காது. அதனால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். பாதியில் கரண்ட் போனால் லேப்டாப் கெட்டுவிடாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவே. ஆனால் பழைய ஓஎஸ்ஸும் இருக்காது, புதியதும் இருக்காது. இன்வர்ட்டர் இருக்கும் அறையில் செய்வது உத்தமம்.

தமிழில் தட்டச்சு

அப்டேட் மேனேஜரை ஒருமுறை முழுக்க ஓட்டிவிட்டுத் தமிழுக்கு வாருங்கள். படிப்பதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், நோட்டோ எழுத்துரு உள்ளேயே இருக்கும். அடிப்பதற்குத்தான் வேலை.

கீபோர்டு அமைப்பில் தமிழ்நெட் 99 என்று ஒன்று கண்ணில் படும். அதைச் சேர்த்துவிட்டு 'ஒழுங்காக வரவில்லையே' என்பார்கள். அது விசைக்கு எழுத்து மாற்றும் வெறும் பலகை, முன்பின் எழுத்தைப் பார்க்காது. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையின் அழகே முன்பின் பார்ப்பதில்தான் இருக்கிறது. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் தொகுப்பையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவுங்கள். இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழ் என்று தேடி, தமிழ்99-ஐச் சேருங்கள். இப்போது அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் புள்ளி தானே விழுந்து 'அம்மா' வரும். 'தஞ்சாவூர்' அடிக்க ஞ-வையும் ச-வையும் அடுத்தடுத்துத் தட்டினால் போதும், ஞ்-க்குப் புள்ளி தேட வேண்டாம். ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர்களுக்கு அதே பட்டியலில் ஃபொனெட்டிக் இருக்கிறது.

வீட்டில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இருந்தால் லிப்ரே ஆபிஸில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அந்த எழுத்துருக் கோப்பைப் பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் அறையிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால், இரண்டு தட்டு தட்டி நிறுவினால் படிக்க முடியும். புதிதாக எழுதுவதற்கு அதைத் தொடவே வேண்டாம். யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

பிரின்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெச்பியின் பெரும்பாலான மாடல்கள் மாட்டியதும் ஓடும். ஊர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடைகளில் பார்க்கும் கேனான் எல்பிபி 2900-க்கு கேப்ட் என்ற தனி டிரைவர் வேண்டும், அதை ஓடவைப்பது கொஞ்சம் பாடு. வீட்டில் அதுதான் இருக்கிறது என்றால் பிடிஎஃப் ஆக்கிப் போனில் அனுப்பிக் கடையில் எடுத்துக்கொள்வது நிம்மதி.

கடைசியாக டைம்ஷிஃப்ட். மின்ட்டோடு வருகிறது. வாரம் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கச் சொல்லி வையுங்கள். ஏதாவது அப்டேட் சொதப்பினால் முந்தைய வாரத்து நிலைக்குத் திரும்பிவிடலாம். அது ஓஎஸ்ஸை மட்டும் காக்கும். உங்கள் படங்களையும் பத்திரங்களையும் அல்ல. அவற்றுக்கு வெளி டிஸ்க்தான்.

மருமகன் லேப்டாப் இப்போது ஒரு நிமிஷத்துக்குள் எழுகிறது. முன்பு விண்டோஸ் 7 எழுவதற்குள் அக்கா ஒரு டம்ளர் காபி போட்டு முடித்துவிடுவாள். முதல் வாரம் முழுக்க "மாமா, சி டிரைவ் எங்க?" என்று மூன்று முறை போன் செய்தான். நான்காவது போன் அத்தானுடையது. 'நியூ ஃபோல்டர் 3' பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார்.